செவ்வாயின் ஒரே கறிவேப்பிலைச் செடி

செவ்வாய்க் குடியிருப்பில் விடிந்ததும் முதல் வேலை, முந்தின நாள் வெட்டிய நகத்தையும் சீப்பில் சிக்கிய முடியையும் மண்கூடத்தில் ஒப்படைப்பது. அவற்றிலுள்ள தழைச்சத்து செடிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே எதையும் வீணாக்கக் கூடாது என்பது சட்டம். வழுக்கைத் தலையர்களுக்கு மட்டும் வரிசையில் நிற்கக் கொஞ்சம் கூச்சம்.

சமையல்கூடத்து இசக்கியம்மாளுக்கு அன்று வேறு கவலை. சிறு கன்றாகக் கொண்டுவந்து அவள் வளர்த்த, அந்தக் கிரகத்தின் ஒரே கறிவேப்பிலைச் செடி வெளிறிக்கொண்டிருந்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைவு என்றாள். மண்பொறியாளர் ஜெபராஜ் சிரித்தார். கிரகமே சிவந்து கிடப்பது இரும்புத் துருவால்தானே! மண்காவலி என்ற இயந்திரமும் தன் ஊசியைத் தொட்டியில் குத்திப் பார்த்து, இரும்பு தேவைக்கு மேலேயே இருப்பதாக அறிக்கை கொடுத்தது. பத்து நாளில் பச்சை திரும்பாவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு முள்ளங்கி போடுவதென்று முடிவாயிற்று.

"பூட்டின வீட்டுக்குள்ள சோறு கெடந்தா, வெளிய நிக்கவனுக்குப் பசி ஆறுமா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

ஜெபராஜின் சிரிப்பு நின்றது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இறுகிக் கிடக்கும். வேர் அதைக் கரைத்துக் குடிக்கக் கொஞ்சம் புளிப்பு வேண்டும். பரீட்சைக்குப் படித்ததை மனிதர் மறந்தே போயிருந்தார். பூமியிலிருந்து அமிலம் வர எட்டு மாதம் ஆகும். இசக்கியம்மாள் தன் பங்கு மோரைக் குடிக்காமல் புளிக்கவைத்து எடுத்து வந்தாள். உணவை மண்ணில் ஊற்றுவது குற்றம் என்று மண்காவலி குறுக்கே நின்றது. ஜெபராஜ் அதைத் தள்ளி நிறுத்தினார்.

"ஊத்துங்கக்கா. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

மறுநாளிலிருந்து அவர் பங்கு மோரும் தொட்டிக்குப் போனது. ஒன்பதாம் நாள் ஒரு துளிர் வந்தது, நல்ல பச்சையாக. இசக்கியம்மாள் அழுதேவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ரசத்தில் ஆளுக்கு ஓர் இலை. தாளித்த வாசம் வந்ததும் சாப்பாட்டுக் கூடமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டு, வழக்கம்போல் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

தட்டுகளை எடுக்க வந்த மண்காவலி திகைத்தது. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அந்த ஓர் இலை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது; ஜெபராஜின் தட்டிலும், ஏன், இசக்கியம்மாளின் தட்டிலும்கூட. இலைகளையெல்லாம் பொறுக்கித் தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு, அது அன்றைய அறிக்கையில் எழுதியது:

"மனிதர்கள் தங்களுக்கே இரும்பு போதாத நிலையிலும், செடியின் சத்தைத் தின்னாமல் செடிக்கே திருப்பித் தந்துவிட்டார்கள். இத்தனை பெருந்தன்மை உள்ளவர்களை அந்த மோர்க் குற்றத்துக்காக மன்னிக்கலாம்."