தண்ணீர் ஓரத்து முட்டைகள்

மேவன்சாண்ட் தீவில் ஆலாப் பறவைகள் அந்த வருடம் கடலுக்குப் பக்கத்திலேயே முட்டையிட்டிருந்தன. மேட்டு மணலில் அவற்றால் இறங்கவே முடியவில்லை. ஹார்ம் மாமாவின் படகில் வந்த சுற்றுலாப் பயணிகள் தினமும் அங்கே துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள்.

கெஸ்கேயின் அப்பா தீவின் பறவைக் காவலர். "மேட்டுல ஆளை இறக்காத ஹார்ம்" என்று பலமுறை சொல்லிவிட்டார்.

"தீவு பூரா மணல்தானே மச்சான்! பறவைக்கு வேற இடமா கிடைக்கல?" என்று மாமா சிரித்தார். அம்மாவின் தம்பி என்பதால் அப்பா புகார் கொடுக்கவில்லை.

அன்று பௌர்ணமி. கடல் நிறைய ஏறும் நாள். போதாததற்குக் காற்று வேறு.

"அப்பா, மீன் பெட்டியில மணல் நிரப்பி, கூடு இருக்கற இடத்துலயே வெச்சு, முட்டையை அது மேல மாத்தினா என்ன?" என்று கேட்டாள் கெஸ்கே.

"பெட்டியை ஆலா ஏத்துக்கலன்னா?"

"விட்டுட்டா கடல் எடுத்துக்குமே!"

கொட்டகையில் நான்கு பெட்டிகள்தான் இருந்தன. கூடுகளோ இருபதுக்கு மேல்.

"எதை எடுக்கலாம்?" என்றார் அப்பா.

"கொஞ்சம் மேல இருக்கறதை. கீழ இருக்கறது பெட்டியோட போயிடும்."

கீழே இருந்த கூடுகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முட்டைகளைப் பெட்டிகளுக்கு மாற்றும்போது ஆலாக்கள் கத்திக்கொண்டே தலையில் கொத்தின. அப்பாவின் தொப்பியில் சொத்தென்று எச்சம் விழுந்தது.

"நன்றி சொல்லுதுப்பா."

"நல்லா சொல்லுது போ!"

இருவரும் விலகி நின்றார்கள். ஓர் ஆலா சுற்றிச் சுற்றி வந்து, பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தது.

காலையில் மூன்று பெட்டிகள் நின்றன. இரண்டில் ஆலாக்கள் அடைகாத்தன. மற்ற இடமெல்லாம் வழித்துவிட்டாற்போல் வெறும் மணல். கடற்பாசியில் ஒரு முட்டை மட்டும் சிக்கிக் கிடந்தது.

மாமாவின் படகு வந்தது. கெஸ்கே துறைக்கு ஓடினாள்.

"மாமா, நீங்க மட்டும் வாங்க."

மாமா வந்து பார்த்தார். "கடல் பண்ணினதுக்கு நான் என்ன கண்ணு பண்ணுவேன்?"

"கடல் ஏறும்னு ஆலாவுக்குத் தெரியும் மாமா. அதான் எப்பவும் மேட்டுல முட்டை போடும். இந்த வருஷம் மேட்டுல நீங்க இருந்தீங்க."

மாமா கடற்பாசியில் கிடந்த முட்டையைக் குனிந்து பார்த்தார். படகுக்குத் திரும்பி, "இன்னைக்கு யாரும் இறங்க முடியாதுங்க. இந்தக் கோடை பூரா முடியாது" என்றார்.

படகில் முணுமுணுப்பு எழுந்தது. படகு திரும்பிப் போனபோது மாமா கையசைத்தார்.

"மாமாவுக்குக் கை காட்டலையா?" என்று கேட்டார் அப்பா.

"இன்னைக்கு வேண்டாம்."

பெட்டிகளுக்கு மேலே முட்டை திருடும் கடற்காகங்கள் வட்டமிட்டன. கெஸ்கே அவற்றை விரட்ட ஓடினாள்.