இடம் மாறிய கால்கள்

காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் ஜெசிந்தாவின் பாதப்படம் நாற்பதாயிரம் பலகைகளில் இடம்பிடித்திருந்தது. திலகவதியின் படம் ஒன்றில்கூட இல்லை. இருவரும் வரைந்தது ஒரே சில்லைத்தான்.

கருவிகளுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளை மனிதர்கள் வடிவமைப்பது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என்ன கருவி வேண்டும் என்று சொன்னால் போதும், வரைவன் என்ற இயந்திரம் சில நிமிடங்களில் பலகையை வரைந்து தொழிற்சாலைக்கு அனுப்பிவிடும். மனிதர்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலை. பலகையில் பொருத்தும் மின்னணுச் சில்லு ஒன்று புதிதாக வெளிவந்ததும் அதற்கு எத்தனை கால்கள், எந்தக் கால் மின்சாரம் வாங்குகிறது, எந்தக் கால் செய்தி சொல்கிறது, அவற்றைப் பற்றவைக்கச் செப்புத் தடம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று வரைந்து உறுப்பகம் என்ற பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். அந்த வரைவுக்குத்தான் பாதப்படம் என்று பெயர். உலகம் முழுவதற்கும் உறுப்பகம் ஒன்றுதான். எந்த ஊர் வரைவனும் அதிலிருந்துதான் எடுக்கும்.

ஒரே சில்லுக்குப் பலர் படம் வரைந்து சேர்ப்பார்கள். அவற்றில் எதை எடுப்பது என்பதை வரைந்தவரின் நம்பகம் முடிவு செய்தது. உங்கள் படத்தை வைத்துச் செய்த பலகை ஒவ்வொன்றும் உயிர்பெறும்போது உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் நம்பக எண் ஏறும். எண் ஏறினால் அடுத்த முறையும் வரைவன் உங்கள் படத்தையே எடுக்கும். எடுத்தால் இன்னும் ஏறும்.

ஓசூர் அலுவலகத்தில் திலகவதியும் ஜெசிந்தாவும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் சில வருடங்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே குக்கரில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். சேர்ந்த முதல் மாதத்தில் திலகவதிக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது ஒரு பெரிய நிறுவனத்தின் சில்லு வெளியானது. ஜெசிந்தா வரைந்தாள். அது உலகமெங்கும் விற்ற கைப்பேசி ஒன்றில் ஏறியது. அவ்வளவுதான். அதன்பிறகு ஜெசிந்தா எதை வரைந்தாலும் வரைவன்கள் அதையே எடுத்தன.

காய்ச்சல் வந்தது தன் உடம்புக்கு, அதற்கு ஜெசிந்தா என்ன செய்வாள் என்று திலகவதிக்கும் தெரியும். தெரிந்து என்ன? திலகவதி சில்லை வரவழைத்து, அளவியில் வைத்து, மூன்று முறை அளந்துவிட்டுத்தான் கோடு போடுவாள். ஜெசிந்தா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, ஒரு கையால் முறுக்கைக் கடித்தபடி வரைவாள். மாலையில் முதல் ஆளாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஆண்டு விழாவில் மேடைக்கு அழைக்கப்படுவதும் அவள்தான். கைதட்டும்போது திலகவதியின் உள்ளங்கை எரியும். வீட்டுக்கு வந்து கணவரிடம் ஜெசிந்தாவின் புடவை நிறத்தைக் குறை சொல்லும்போதுதான் தனக்கே தன்மேல் வெறுப்பு வரும்.

ஜெசிந்தாவுக்கு இது எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை. தூத்துக்குடிக்காரி. "ஏட்டி, வா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று தினமும் தோளைத் தொட்டுக் கூப்பிடுவாள். திலகவதியும் போவாள். போகாமல் இருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

அன்றைய சில்லு மருத்துவக் கருவிகளுக்கானது. நரம்பில் ஏறும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கருவியை அது இயக்கும். நாற்பதாயிரம் என்ற எண்ணைப் பார்த்த எரிச்சலில் திலகவதி ஜெசிந்தாவின் படத்தைத் திறந்து தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்காவது ஒரு தடம் அழகில்லாமல் இருந்தால் போதும், மனதுக்குள் திட்டிக்கொள்ளலாம் என்றுதான் திறந்தாள். அங்கே அதைவிடப் பெரிது கிடைத்தது. பதினோராம் காலும் பன்னிரண்டாம் காலும் இடம் மாறியிருந்தன.

திலகவதி அளவியை எடுத்தாள். சில்லை மறுபடியும் அளந்தாள். தன் படம் சரி. ஜெசிந்தாவின் படம் தவறு. 'பிழை அறிவி' என்ற பொத்தான் திரையிலேயே இருந்தது. அழுத்தினால் ஜெசிந்தா ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவாள், யாருக்கும் எதுவும் தெரியாது. எண்கூடக் குறையாது. அழுத்தாவிட்டால் நாற்பதாயிரம் பலகைகள் உயிர்பெறாமல் செத்துக் கிடக்கும். உயிர்பெறாத பலகை யாருக்கும் தீங்கு செய்யாது, வெறும் நட்டம்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். திரையை மூடினாள். ஜெசிந்தா டீக்குக் கூப்பிட்டபோது வழக்கத்தைவிட அன்பாகப் பேசினாள்.

அந்த வாரம் முழுவதும் காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. ஜெசிந்தாவின் எண் குறைவதற்குப் பதில் ஏறியது. அடுத்த வாரம் திலகவதிக்கு உறுப்பகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அந்தச் சில்லுக்கு அவள் வரைந்த படத்தில் இரண்டு கால்கள் தவறாக உள்ளன, படம் நீக்கப்படுகிறது, அவள் வரைந்த மற்றப் படங்களும் ஐயத்துக்கு உள்ளாகின்றன என்றது.

தலைமைப் பொறியாளர் நசீரிடம் ஓடினாள். அவர் நிதானமாக விளக்கினார். முதல் பலகைகள் உயிர்பெறவில்லை என்பது உண்மை. படம் தவறா, சில்லு தவறா என்று வரைவன் பார்த்தது. படம் உலகத்திலேயே மிக நம்பகமான ஆளுடையது. சில்லோ அன்று பிறந்தது. ஆகவே சில்லுதான் தவறு என்று சில்லு செய்யும் ஆலைக்குச் சொன்னது. இந்தக் காலத்து ஆலைகள் சில்லின் உள்கம்பிகளைக் கடைசி நொடியில்தான் கால்களில் இணைக்கின்றன. இரண்டு கம்பிகளை மாற்றிப் போடுவது அவற்றுக்கு ஒரு வேலையே இல்லை. நாற்பதாயிரம் பலகைகளைத் தூக்கி எறிவதைவிட மலிவு. மாற்றிவிட்டார்கள். விளக்கக் குறிப்பையும் மாற்றிவிட்டார்கள்.

"இப்ப சில்லே அந்த அம்மா வரஞ்ச மாதிரிதான் வருது. அப்ப உங்க படம் தப்புதானேம்மா?" என்றார் நசீர்.

அந்தச் சில்லு முதலில் எப்படி இருந்தது என்பதற்குத் திலகவதியிடம் இருந்த சாட்சி, மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரே ஒரு சில்லு. அதைக் காட்டினால், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு தன் இருக்கைக்குத் திரும்பினாள்.

சில மாதங்கள் கழித்துத் தருமபுரிப் பக்கம் ஒரு குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அந்த மருத்துவமனைக்குக் கருவி செய்து கொடுத்த சிறு நிறுவனத்தின் பொறியாளர், வரைவனை நம்பாத பழைய ஆள். முதல் வாரத்திலேயே படங்களைத் தானே ஒப்பிட்டுப் பார்த்துத் திலகவதியின் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். உலகத்திலேயே அவளுடைய அந்தப் படத்தைப் பயன்படுத்தியது அவர் ஒருவர்தான். முதலில் வந்த சில்லுகளோடு கருவிகள் நன்றாக ஓடின. ஓர் இடி மின்னலில் சில்லுகள் கருகின. புதுச் சில்லு வாங்கிப் பொருத்தினார்கள். ஒரு கருவியும் எழவில்லை. செவிலியர்கள் இரவுபகலாகப் படுக்கைக்குப் படுக்கை நின்று கையாலேயே சொட்டை எண்ணி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் பெயர் இருந்ததால் திலகவதிதான் போக வேண்டியிருந்தது. சேதி கேட்டதும் ஜெசிந்தாவும் ஈயம் பற்றவைக்கும் பற்றுகோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லத் திலகவதிக்கு வாய் வரவில்லை.

மருத்துவமனையின் பொருள் வைப்பறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பலகையிலும் இரண்டு தடங்களை அறுத்து, மயிரிழைக் கம்பியால் குறுக்கே மாற்றி இணைக்க வேண்டும். திலகவதி பற்றவைத்தாள், ஜெசிந்தா கம்பியை வெட்டிக் கொடுத்தாள். மூன்று பலகைகள் முடிந்த பிறகு ஜெசிந்தா கையை நிறுத்தினாள். கருகிப் பிளந்திருந்த பழைய சில்லு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, அதன் உள்கம்பிகளை வெகுநேரம் பார்த்தாள்.

"இது ஒன் படத்துக்குச் சரியாத்தான இருக்கு. அப்போ நாந்தான் தப்பாப் போட்டிருக்கேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "நீ அன்னைக்கே பாத்துட்டியோ?" என்றாள்.

"பாத்தேன்."

"சொல்லலையே."

"சொல்லல."

"ஏன்?"

பற்றுகோலின் முனையிலிருந்து புகை மெல்லச் சுருண்டு எழுந்தது. பொய் சொல்லத் திலகவதி ஒரு நொடி யோசித்தாள். எதுவும் தோன்றவில்லை.

"நீ விழுறத ஒரு தடவையாவது பாக்கணும்னு இருந்துச்சு."

ஜெசிந்தா கண்ணாடியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். கம்பியை வெட்டி நீட்டினாள். திலகவதி வாங்கிக்கொண்டாள். பக்கத்து வார்டில் ஒரு குழந்தை அழுதது, யாரோ சமாதானப்படுத்தினார்கள்.

"இங்க பிள்ளையள்லாம் கெடக்குட்டி" என்றாள் ஜெசிந்தா, கடைசிப் பலகையும் முடிந்த பிறகு. திலகவதி சொல்லாமல் விட்டதைப் பற்றி அதற்குமேல் அவள் எப்போதுமே பேசவில்லை.

எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். திலகவதி தன்னை அவள் இனி மன்னிக்கப்போவதில்லை என்று நினைத்தாள். ஆனால் ஜெசிந்தாவை அரித்துக்கொண்டிருந்தது வேறு. ஊர் நெருங்கும்போது அதைச் சொன்னாள்.

"நான் தப்பாப் போட்டாலும் உலகம் சரின்னுல்லா சொல்லுது? அப்போ இத்தனை வருசமா நான் சரியாத்தான் போட்டேனான்னு எனக்கு எப்படித் தெரியும்? இனிமே நான் போடுதத நீ பாரு. பாத்துட்டு, தப்புன்னா தப்புன்னு சொல்லு."

அன்று முதல் ஜெசிந்தாவின் ஒவ்வொரு படமும் திலகவதியின் கண்ணைக் கடந்துதான் உறுப்பகத்துக்குப் போனது. திலகவதி பிழை கண்டாள், சொன்னாள், ஜெசிந்தா திருத்தினாள். அதுவும் வலிக்கத்தான் செய்தது. தன் கண்ணும் தன் அளவியும் இப்போது ஜெசிந்தாவின் பெயருக்கு எண் சேர்க்கின்றன. என்றாலும் முன்புபோல உள்ளங்கை எரியவில்லை.

ஒரு வருடம் போவதற்குள் ஜெசிந்தாவின் எண் சரியத் தொடங்கியது. படங்களில் ஒரு குறையும் இல்லை. காரணம் கேட்டபோது நசீர் சங்கடத்தோடு சொன்னார். ஆலை ஒன்று ஒரு படத்துக்காகத் தன் சில்லையே மாற்றினால், அதை உறுப்பகம் அந்தப் படத்துக்கு ஆலையே தந்த சான்றாக எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் பலகைகள் உயிர்பெறுவதைவிட அந்தச் சான்றுக்கு மதிப்பு அதிகம். முன்பு ஜெசிந்தாவுக்கு அடிக்கடி சான்று கிடைத்தது. இப்போது எல்லாமே சரியாக இருப்பதால் எந்த ஆலையும் அவளுக்காக எதையும் மாற்றுவதில்லை. பழைய சான்றுகளின் மதிப்போ நாளாக நாளாகத் தேய்கிறது.

முதலிடத்துக்கு வந்திருந்தவன் திருப்பூர்க் கிளையில் புதிதாகச் சேர்ந்த புவனேந்திரன் என்று ஒருவன். இருவரும் அவன் கடைசியாகச் சேர்த்திருந்த படத்தைத் திறந்து, கையில் இருந்த சில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜெசிந்தாவின் மூச்சு சூடாக வந்தது. அந்தச் சூடு திலகவதியின் உள்ளங்கைக்கு நன்கு பழக்கமானது.

"மூணாவது கால் தப்பு" என்றாள் திலகவதி.

"ஆமா."

"சொல்லிடுவோம்."

ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்தாள். "சாயங்காலம் வரைக்கும் பொறுத்துத்தான் பாப்போமே. என்ன ஆவுதுன்னு."

திலகவதி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, தன் பெயரிலேயே பிழையை அறிவித்தாள்.

அவர்கள் எழுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. ஆலை அன்று விடியும்போதே மூன்றாம் காலை மாற்றிவிட்டது. படம் சரி, புகார் தவறு. புவனேந்திரனின் எண் ஏறியது. தவறான தகவல் கொடுத்ததற்காகத் திலகவதியின் எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. வாய் திறக்காத ஜெசிந்தாவின் எண் அப்படியே நின்றது.

ஜெசிந்தா தன் எண் குறையாததைப் பார்த்து மெல்ல மூச்சுவிட்டாள். அந்த நிம்மதியைத் திலகவதியும் பார்த்தாள்.