தட்டக் கூடாத கதவு

"ஐயோ...! யாராவது வாங்களேன்...!"

கீழ்த்தளத்திலிருந்து மிசஸ் கெட்ஜின் அலறல்!

செயின்ட் ஆஸ்வின் கல்லூரியில் இருபது வருஷமாக மாணவிகளின் அறைகளைப் பெருக்கித் துடைப்பவள். எலியைப் பார்த்தால்கூட அலறாதவள்.

மூன்றாம் மாடியிலிருந்து ஹெஸ்டர் பாய்ந்து இறங்கினாள்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் ஃப்ரேனின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே... கம்பளத்தில் குப்புற விழுந்து கிடந்தார் ஃப்ரேன். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில், கல்லூரியை நிறுவிய பிஷப்பின் வெண்கலத் தலை உருண்டு கிடந்தது.

பிஷப்பின் தலை இத்தனை பலமாக யார் மண்டையிலும் ஏறியதில்லை!

மணி ஒன்பதே முக்கால்.

பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இன்ஸ்பெக்டர் ப்ளாக்கெட் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர்கள் மட்டுமே அமரும் மேடை மேஜையில், நடு நாற்காலியில். அதற்கே கல்லூரிக் காவலாளிக்கு முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஒன்பதுலேர்ந்து ஒன்பதே முக்கால் வரைக்கும் உன் ஃப்ரெண்டு ரோவீனா எங்க இருந்தா?"

"அவ ரூம்லதான் மேடம். எனக்கு எதிர் ரூம். வெளிக்கதவு சாத்தியிருந்துச்சே!"

"சாத்தியிருந்தா?"

ஹெஸ்டருக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்தது. கேம்பிரிட்ஜில் இப்படியும் கேட்பார்களா? ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு. வெளிக்கதவு கனத்த ஓக் மரம். அதைச் சாத்தினால், 'படிக்கிறேன், தொந்தரவு செய்யாதே' என்று அர்த்தம். நெருப்பே பிடித்தாலும் யோசித்துத்தான் தட்டுவார்கள்.

"சாத்தியிருந்தா, உள்ள இருக்கான்னு அர்த்தம் மேடம்."

"எங்கப்பாவுக்கு உருளைக்கிழங்குப் பண்ணை. எங்க ஊர்ல கதவு சாத்தியிருந்தா வீட்ல ஆள் இல்லைன்னு அர்த்தம். கண்ணால பாத்தியா அவளை?"

"பாக்கணுமா என்ன? மூணு வருஷமா என் உயிர்த்தோழி. அவ உள்ளதான் இருந்தா. எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்!"

"பண்ணிட்டே. எழுதியும் வெச்சுட்டேன்." ப்ளாக்கெட் இன்னொரு தாளை எடுத்தாள். "உன்னைப் பத்தி அவ என்ன சொன்னான்னு கேக்குறியா?"

படித்தாள்.

"'ஒன்பது இருபதுக்கு ஹெஸ்டர் டக் டக்னு இறங்கிப் போன ஷூ சத்தம் கேட்டுச்சு. ஃப்ரேன் ரூம் கதவைத் திறந்த சத்தமும் கேட்டுச்சு. என் ஆய்வுக் கட்டுரையை அவ காப்பியடிச்சதை அவர் கண்டுபிடிச்சுட்டார். நேத்துலேர்ந்து பயந்துபோயிருந்தா.'"

ஹெஸ்டருக்குக் காது அடைத்தது.

காப்பியா? நானா...?

பிழை திருத்தித் தருகிறேன் என்று போன மாதம் கட்டுரையை வாங்கிப் போனவள் ரோவீனா. எட்டு மாத உழைப்பு! இரண்டு கைகளாலும் தூக்கிக் கொடுத்தேனே, பைத்தியக்காரி!

"ஃப்ரேன் மேஜையில ரெண்டு கட்டுரையும் இருந்துச்சு. அச்சு அசல் ஒண்ணு," என்றாள் ப்ளாக்கெட். "பத்து மணிக்கு உங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கார். ஒருத்தி முன்னாடியே போயிட்டா. நீ கீழ போனது நிஜமா?"

"நிஜம்தான். லெட்டர் வந்திருக்கான்னு முற்றத்தைத் தாண்டி வாசல்ல பாக்கப் போனேன். ஆனா... ஷூ சத்தம் கேட்டிருக்காது மேடம்."

"ஏன்?"

"ஷூவைக் கைல வெச்சுக்கிட்டுத்தான் இறங்கினேன். அவ படிக்கிறாளேன்னு!"

ஓரமாக நின்ற மிசஸ் கெட்ஜ் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க! ரெண்டாம் மாடியில நான்தான் கேட்டேன், ஏன் கண்ணு இந்தக் குளிர்ல வெறுங்காலோட போறேன்னு. ரோவீனா படிக்கிறான்னா. கீழ போய்த்தான் மாட்டியிருக்கணும்."

ப்ளாக்கெட் எழுந்தாள். "அந்த ரோவீனாவைக் கூட்டிட்டு வாங்க!"

ரோவீனா வந்தாள். கண்ணீர் வழிய வந்தாள். ஹெஸ்டரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹெஸ்... நான் உண்மையைத்தானே சொல்ல முடியும்?"

"சொல்லேன்," என்றாள் ப்ளாக்கெட். "ஓக் கதவு ரெண்டங்குல கனம். உள்ள இன்னொரு கதவு. மூணாம் மாடி. அங்க உக்காந்துக்கிட்டு, வெறுங்காலோட போனவளோட ஷூ சத்தத்தை எப்படிம்மா கேட்டே?"

ரோவீனாவின் கை மெல்ல விலகியது.

"நீ கேக்கலை. பாத்திருக்கே! ஃப்ரேன் ரூம் ஜன்னல் வழியா. ஷூவை மாட்டிக்கிட்டு முற்றத்துல நடந்தாளே, அப்போ! அதான் மாடியிலேர்ந்தே ஷூ போட்டு இறங்கினான்னு நினைச்சுட்டே! அவ வாசலுக்குப் போயிருந்த நேரத்துல மேல ஓடி, உன் பூட்டைத் திறந்து உள்ள போயிட்டே!"

"ஏன்டி?" ஹெஸ்டரால் அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

ரோவீனா கண்ணைத் துடைத்தாள். முகம் கல்லாகியிருந்தது.

"கட்டுரை உன்னோடதுன்னு அந்தக் கிழத்துக்கு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. பட்டம் கிடையாதுன்னுட்டு முதுகைத் திருப்பினார். அடிச்சேன். உன் மேல போட்டா நீ சண்டைகூட போட மாட்டே. கேட்டதையெல்லாம் கொடுக்கிறவதானே நீ!"

வெண்கலத் தலையால் அடித்திருந்தால்கூட ஹெஸ்டருக்கு இவ்வளவு வலித்திருக்காது. அழுகை வரவில்லை. மூன்று வருஷத்தை யாரோ வழித்து எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.

ப்ளாக்கெட்டின் போன் அலறியது. கேட்டாள். வைத்தாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து. ஃப்ரேன் கண் முழிச்சுட்டாராம்."

"அவர்... சாகலையா?" ரோவீனா நாற்காலியைப் பற்றினாள்.

"செத்துட்டார்னு நான் சொன்னேனா? பின்னாலேர்ந்து அடி விழுந்துச்சாம். ரெண்டு பேர்ல யாருன்னு அவருக்கே தெரியாதாம். நல்லவேளை, நீயே சொல்லிட்டே!"

விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். ரோவீனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போதுதான் ஹெஸ்டருக்கு அழுகை வந்தது. மிசஸ் கெட்ஜ் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"வேற எதுவும் சொன்னாரா மேடம்?" விம்மலுக்கு நடுவே கேட்டாள்.

"சொன்னார்." ப்ளாக்கெட் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "உன் கட்டுரையில மூணாம் அத்தியாயம் சுத்தக் குப்பையாம். இதையெல்லாம் எவ திருடுவான்னு கேக்குறார்!"