பக்கத்தில் தெரிந்த முட்டை

விளக்குப் பெட்டியின் துளைக்கு முன்னால் அவள் முட்டையைத் திருப்பினாள். அதற்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் சாய்ந்தாற்போல் தெரிந்த இரண்டாவது முட்டையும் திரும்பியது. ஆனால் ஒரு கணம் பிந்தித் திரும்பியது.

இரண்டாகத் தெரிவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மூன்று வாரங்களாக, இல்லாத படியில் கால் வைத்து அவள் தடுமாறினாள்; குவளைக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். வலது கண் இம்மியளவு மேலே ஏறி நிற்பதாகக் கண் மருத்துவர் சொன்னார். அந்தக் கண்ணை அசைக்கும் நரம்பிலோ, நரம்பு புறப்படும் மூளையிலோ கோளாறு இருக்கக்கூடும் என்று ஸ்கேன் எடுக்க அனுப்பினார். நரம்பியல் மருத்துவர் வெள்ளிக்கிழமைதான் முடிவைச் சொல்வார்.

"ரெண்டுல ஒண்ணு பொய்ம்மா. வலது கண்ணாடியில டேப் ஒட்டிக்குங்க, பொய் போயிடும்" என்று கண் மருத்துவர் தைரியம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைத்தான் அவள் வேளாவேளைக்கு மருந்துபோல் விழுங்கி வந்தாள்.

வீட்டிலும் தெருவிலும் டேப் இருந்தது. முட்டைத் தரம் பார்க்கும் அந்த இருட்டு அறையில் மட்டும் அவள் அதை உரித்துவிடுவாள். கண் பழுதானவளை விளக்கின் முன் யாரும் உட்கார வைக்கமாட்டார்கள். தலையை இடது தோளை நோக்கிச் சாய்த்தால் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகிவிடும். உடைந்த முட்டைகளின் கவிச்சையும் நனைந்த அட்டையின் புளித்த வாடையும் தொண்டைவரை நிரம்பிய அந்த அறையில், எட்டு மணி நேரமும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, கழுத்தை ஒடிச்சுக்கிட்டு? போட்டோ பிடிக்க ஆள் வருதா?" என்றாள் அடுத்த விளக்குக்காரி.

"சுளுக்குக்கா."

"மூணு வாரமாவா? உன் கழுத்துக்கு ரொம்பத்தான் செல்லம்."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையை இன்னும் சாய்த்தாள். இரண்டாவது முட்டை வந்து சேரவில்லை. ஒளி ஊடுருவிய முதல் முட்டை மாசு மருவின்றிப் பழுத்த மஞ்சளாய்த் தெரிய, அதன் கீழே நின்றதில் மட்டும் நூல் நூலாய்ச் சிவப்புக் கிளைகள் படர்ந்திருந்தன. கிளைகளின் நடுவே கடுகளவு கறுப்பு. அது துடித்தது.

பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆயினும் அந்த முட்டையை நல்லவற்றோடு வைக்கக் கை கூசியது. கழிவு ட்ரேயில் வைத்துவிட்டாள். அன்று மட்டும் அப்படி ஒன்பது முட்டைகள்.

மாலையில் சூடான உணவின் ஆவி படிந்ததால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் கணவருக்கு எதிரே அமர்ந்து சாப்பிட்டாள். அவர் வாயிலிருந்ததை விழுங்கினார், தண்ணீர் குடித்தார், துண்டால் உதட்டைத் துடைத்தார். அவருடைய தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒட்டினாற்போல் தெரிந்த இரண்டாவது முகம் இன்னும் மென்றுகொண்டிருந்தது. உதட்டோரத்தில் நுரை கோத்திருந்தது. ஈரமான, பிசுபிசுத்த சத்தம் ஒன்று அவள் காதில் விழுந்தது.

"என்னங்க, வாயில ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"உன் சமையலை வாயில வச்சுக்கிட்டே இருக்க நான் என்ன பைத்தியமா?" என்று அவர் சிரித்தார். அன்பான மனிதர், மருத்துவமனை வரிசைகளில் அவளுக்காக நாள் முழுதும் நின்றவர். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். டேப்புக்கு அப்பால் ஒரே ஒரு கணவர் இருந்தார். ஆயினும் தட்டிலிருந்ததை அவளால் அதற்குமேல் தொட முடியவில்லை.

மறுநாள் வேலை முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் அவளுடைய கழிவு ட்ரேயோடு வந்து நின்றார். ஒவ்வொருவரும் கழித்தவற்றிலிருந்து சிலவற்றைக் கிண்ணத்தில் உடைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். நல்லதைக் கழித்தவர்கள் மறுநாள் முதல் தரை கழுவப் போகவேண்டும்.

"ஏம்மா, இது என்ன குத்தம் பண்ணிச்சு?" முட்டையை அவர் விளக்கின் முன் பிடித்தார். "சுத்தமா இருக்கு. உன் கண்ணுக்கு மட்டும் அப்படி என்ன தெரிஞ்சுது?"

கிண்ணத்தின் விளிம்பில் அவர் தட்டினார்.

ஓடு உடையவில்லை, கிழிந்தது. பழுப்பும் பச்சையுமாய்க் குழகுழவென்று ஒழுகிய திரவத்தோடு, ஈர இறகு ஒட்டிய ஏதோ ஒன்று சளி நூலில் தொங்கி, கிண்ணத்தில் விழுந்தது. இமையில்லாத பெரிய கண். நாற்றம் வாய்க்குள் புகுந்து நாக்கில் படிந்தது. அடுத்த விளக்குக்காரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"சேவலே இல்லாத பண்ணைம்மா இது" என்றார் சூப்பர்வைசர் மெதுவாக. பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

அன்று முதல் அவள் வேலைக்குப் போகவில்லை, டேப்பையும் உரிக்கவில்லை. தூங்கும்போதும் கண்ணாடியைக் கழற்றவில்லை. மூளையில் ஒரு கட்டியாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கட்டி இருந்தால் போதும். கட்டி இருந்தால், பக்கத்தில் தெரிவது பொய். அந்த முட்டை தற்செயல். அந்தக் கழுத்தில் எதுவும் மென்றுகொண்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், நரம்பியல் மருத்துவர் அவளுடைய கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஒரு பேனாவை மேலும் கீழும் நகர்த்தினார். பேனாக்கள் இரண்டு. அவள் பேனாக்களை மட்டுமே பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த மருத்துவரின் முகத்தை நோக்கிப் பார்வையை உயர்த்தவே இல்லை.

"நல்ல சேதிம்மா. கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல. கண்ணு ரெண்டும் இப்ப நேரா நிக்குது. இனிமே ரெண்டா தெரிய வாய்ப்பே இல்ல."

"டாக்டர், தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்க. எங்கேயாவது சின்னதா ஏதாவது..."

"நோய் இல்லைன்னு சொன்னா அழற முதல் ஆள் நீங்கதான்."

கணவர் அவள் தோளை அணைத்துக்கொண்டார். வெதுவெதுப்பான, நல்ல கை. அவள் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குள் வெயில் தாராளமாக விழுந்திருந்தது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் எதிரே முழங்காலிட்டு அமர்ந்தார். அவருடைய மூச்சில் வாடை இருந்தது. லேசாக. புளித்த அட்டையின் வாடை.

"இனிமே இது எதுக்கு?"

"வேண்டாங்க. இருக்கட்டும்."

"டாக்டரே சொல்லியாச்சு. கண்ணைத் திற." அவருடைய நகம் டேப்பின் ஓரத்தைத் தேடியது. "என்னை நல்லா பாரு. எத்தனை பேர் தெரியுது?"

டேப் உரிந்தது.

அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது.

கீழே இருந்த முகத்தின் வாய் திறந்திருந்தது.

நாக்கு இல்லை. நாக்கின் இடம் முழுதும் வேறொன்று. ஈரமாய். மயிர் ஒட்டி. பற்களின் உட்புறத்தை அழுத்தியபடி மெல்லப் புரண்டது. அதன் ஒரு நுனி உதட்டுக்கு வெளியே வழிந்து, எதையோ தடவித் தேடியது.

அவள் பார்ப்பதை அந்த முகம் பார்த்தது.

மெல்லுவது நின்றது. அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல், கீழே தெரிந்த கையின் ஒரு விரலை உயர்த்தி, வெளியே தொங்கியதை நிதானமாக உள்ளே தள்ளி, வாயை மூடிக்கொண்டது.