இளநீர் ஊற்றிய பிள்ளை

ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரிக்காட்டு வழியாக நடந்து, உபதேசியார் இன்னாசி மாதாக்கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது ஆகியிருந்தது. புதுக்கோட்டையில் உபதேசியார்களுக்கு நடந்த தியானத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். துணிப்பையில் மனைவிக்குக் கருப்பட்டியும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு மாதா பதக்கம் ஒன்றும் இருந்தன. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பித்தான் போயிருந்தார்.

மாதா கோவிலை ஒட்டி இருந்தது, சாமியார் இல்லாத நாளில் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரின் வீடு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் செம்புறாங்கல்லில் கட்டியது. உள்ளே பகலிலும் இருட்டுத்தான். அந்த வருஷம் மழை பொய்த்து, ஊர்க் கிணறு அடியில் கலங்கிக் கிடந்தது. வெயிலில் வெந்துபோய் வந்தவர் வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து இளநீர் வாசனை வந்தது. யாரோ நமக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நாக்கில் எச்சில்கூட ஊறியது.

அந்த எச்சிலுக்காக அவர் கடைசிவரை தன்னை மன்னிக்கவில்லை.

உள்ளே மனைவி மதலேனம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மருத்துவச்சி மூக்காயி மடியில் ஒரு துணிச் சுருளோடு உட்கார்ந்திருந்தாள்.

"பொம்பளப் புள்ளைங்கய்யா. அழவே இல்ல. நீலம் பாஞ்சு போச்சு" என்றாள் மூக்காயி. "ஆனா நீங்க கவலப்படாதீங்க. மூச்சு இருக்கயிலயே ஊத்திட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த அம்புட்டு வார்த்தயும் சொன்னேன்."

மூக்காயி கிறிஸ்தவ வேதத்துக்காரி இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தச் சாதிப் பிள்ளையும் அவள் கையில்தான் விழும். சாமியார் மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் வந்து போகிறவர். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஆபத்து ஞானஸ்நானம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வேதத்தில் இல்லாதவர்களும் கொடுக்கலாம் என்று சபையின் சட்டம் இருக்கிறது. அதனால் இன்னாசி அவளுக்கு அந்த மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். பரிசுத்த ஆவியைச் சொல்லும் 'இஸ்பிரீத்து சாந்து' என்ற சொல் அவள் வாயில் நுழைவதற்குள் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

பிள்ளையின் முகத்தைக் காட்டு என்று இன்னாசி கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"என்ன ஊத்துன?"

மூக்காயிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "கெணத்துல வெறும் சேறுங்க. ஒங்க புள்ள தலையில அதப் போயி ஊத்துவேனா? மரமேறி ராக்கனக் கூப்பிட்டு செவ்வெளநி எறக்கி, சாமிக்கு ஊத்துற கணக்கா ஊத்துனேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குத் தெரிந்த தெய்வங்களுக்கெல்லாம் இளநீரைவிடச் சுத்தமான ஒன்று கிடையாது. வார்த்தையை நூறு தரம் சொல்லிக் கொடுத்த இன்னாசி, எதை ஊற்ற வேண்டும் என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. தண்ணீரைத் தவிர வேறொன்றை ஒருத்தி எடுப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஞானோபதேசப் பாடம் மட்டும் வரி பிசகாமல் மனதில் வந்து நின்றது. கிணற்று நீர், ஆற்று நீர், மழை நீர், கடல் நீர் செல்லும். பால், எண்ணெய், இளநீர் செல்லாது. சேறாகக் கலங்கியிருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இளநீர் செல்லாது என்பது அவரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னாசி அப்படிப்பட்ட ஆள் இல்லை. சாயங்காலம் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்காத மண்ணில், மணி அடிக்காமல், செபம் சொல்லாமல் புதைத்தார். பெயரும் வைக்கவில்லை. அந்த இடம் அவருக்குப் பழக்கமானதுதான். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த ஊர்ப் பிள்ளைகளை, பெற்றவர்கள் காலைப் பிடித்துக் கெஞ்சியும், அவர்தான் அங்கே அனுப்பியிருந்தார்.

திரும்பி வந்தபோது மதலேனம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, எளநிக்கும் தண்ணிக்கும் ஆண்டவரு கணக்குப் பாப்பாரா?"

"நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, மதலேனு. பிள்ளைக்கு வேதனை ஒண்ணும் இருக்காது. சர்வேசுரனைப் பாக்க முடியாத ஒரு எடம். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா" என்றாள் அவள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் வந்த சாமியார் இன்னாசியின் தோளைத் தொட்டு, "கஷ்டந்தான் உபதேசியாரே. ஆனா சரியாச் செஞ்சீங்க" என்றார். இன்னாசி தலையாட்டினார். சாப்பிட்டார், தூங்கினார், மணி அடித்தார். புதிதாக வேதத்துக்கு வந்திருந்த செங்கமலம் ஒருநாள் வந்து, வேதத்துக்கு வராமலே செத்துப்போன தன் புருஷன் எங்கே இருப்பான் என்று கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சொன்னார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். தன் வாயிலிருந்து வந்த பதிலை இன்னாசி யாரோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் ஈரத்தை அவர் பார்த்தது ஓர் உச்சிவேளையில்தான். வெளியே காற்று அசையவில்லை. காகம்கூடக் கத்தவில்லை. நடுவீட்டுத் தரையில் ஒரு முழ நீளத்துக்கு ஈரம் இருந்தது. தலை, உடம்பு, மடங்கிய கால் எல்லாம் தெரிந்தன. ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி வெறுந்தரையில் கிடத்தி எடுத்தால் அப்படித்தான் இருக்கும். குனிந்து மோந்து பார்த்தார்.

இளநீர்.

லேசாகப் புளித்திருந்தது.

"யாரு இங்க தண்ணியக் கொட்டுனது?"

"குடிக்கவே தண்ணி இல்ல" என்றாள் மதலேனம்மாள் அடுப்படியிலிருந்து. "கொட்டுறதுக்கு எங்கிட்டுப் போறது?"

தீர்த்தத்தைத் தெளித்தார். மறுநாள் உச்சியில் ஈரம் மறுபடி இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. சாமியாரிடம் சொல்லலாம் என்று நினைத்தார். என்ன என்று சொல்வது? பேய் பிசாசு என்று வருகிற சனங்களுக்கு, செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று இத்தனை வருஷமாகத் தைரியம் சொன்னவர் அவர். ஊர் சிரிக்கும். ஒரு சாக்கை எடுத்து ஈரத்தின் மேல் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

சில மாதம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிள்ளையைப் புதைத்த நாளுக்கு அப்புறம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவந்த மனைவி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விசேஷம்?"

"புள்ள குப்புற விழுந்திருச்சுங்க" என்றாள். "செய்ய வேணாமா?"

நடுவீட்டில் சாக்கு தள்ளிக் கிடந்தது. ஈரத்தின் பக்கத்தில் இன்னோர் ஈரம் இருந்தது. இரண்டாவதில் முகம் கீழே பதிந்திருந்தது. மூக்கும் நெற்றியும் தனித்தனியாகத் தெரிந்தன.

 இன்னாசி உட்கார்ந்து கொழுக்கட்டையைச் சாப்பிட்டார். உப்புச் சரியாக இருந்தது.

அப்புறம் உள்ளங்கைகள் வந்தன. கூடவே முழங்கால்கள். சுவரோரமாக ஊர்ந்து போய், அடுப்படியைச் சுற்றி, மதலேனம்மாள் உட்காரும் பலகைக்கு முன்னால் முடிந்திருக்கும். அவள் அந்தத் தடத்தை மிதிக்காமல் நடந்தாள். சில சமயம் அடுப்படியில் தனக்குத்தானே ஏதோ பெயர் சொல்லிக் கொஞ்சுவாள். அவர் வந்தால் நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் வாசற்படிக்கு வெளியே ஈரம் தெரிந்தது.

அன்றைக்கும் கொழுக்கட்டை அவிந்தது.

அது வளர்கிறது என்பதை இன்னாசி அன்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயம் என்று அதைச் சொல்ல முடியாது. வெகுநேரம் மடக்கி வைத்த காலைப் போல அவர் மரத்துக் கிடந்தார்; அதில் எங்கோ ஊசி குத்த ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு வழி ஞாபகம் வந்தது. உயிர் போயிற்றா இல்லையா என்று தெரியாத ஆளுக்குச் சாமியார்மார் வேறு மாதிரி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். 'நீ உயிரோடிருந்தால்' என்று முதலில் சேர்த்துக்கொள்வார்கள். சந்தேகத்துக்கும் சபை ஒரு கதவு வைத்திருக்கிறது.

ஓர் உச்சிவேளையில் செம்பில் தண்ணீரோடு மதிலுக்கு வெளியே போனார். முந்திரி நிழல் துண்டு துண்டாகக் கிடந்தது. பிள்ளையின் மண்மேட்டுக்கு முன்னால் முட்டி போட்டார். செம்பைச் சாய்த்தார்.

"நீ உயிரோடிருந்தால்..."

அதற்கு மேல் சொல்லவில்லை.

பின்னாலிருந்து அவருடைய வேட்டி நுனியை யாரோ பிடித்திருந்தார்கள்.

பிடி சின்னது. பலமில்லாதது. எழுந்து நிற்கப் பழகுகிற பிள்ளை, எதையாவது பற்றிக்கொண்டு நிற்குமே, அப்படி. அவர் திரும்பவில்லை. இரண்டாம் தடவை அது பிடித்து இழுத்து, தன் பாரத்தை அதில் தொங்கவிட்டது.

செம்பைப் போட்டுவிட்டு ஓடினார். நீ உயிரோடிருந்தால் என்று கேட்டாயிற்று. இருக்கிறேன் என்று பதிலும் வந்தாயிற்று. ஊற்றி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அவருக்குத் துணிச்சல் இல்லை. அதன் பிறகு அவர் அந்த மதில் பக்கம் போகவில்லை.

மறு வருஷம் மழை கொட்டியது. கிணறு நிறைந்தது. மதலேனம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது; ஊரே கேட்க அழுதது. சாமியார் வந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஏற்பாடாயிற்று. வெயில் பளீரென்று அடித்தது. வழக்கப்படி பிள்ளையைக் கோவிலுக்குள் கொண்டுபோகாமல் வாசற்படியிலேயே நிறுத்தினார்கள். ஞானத்தாய் கையில் பிள்ளை. சாமியார் கையில் புத்தகம். இன்னாசி தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றார். பெண்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

சாமியார் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். "சர்வேசுரனுடைய திருச்சபையினிடத்தில் நீ என்ன கேட்கிறாய்?"

'விசுவாசம்' என்று ஞானத்தாய் பிள்ளைக்காகப் பதில் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் படிக்குக் கீழே, முழங்கால் உயரத்திலிருந்து, பேசப் பழகுகிற ஒரு குரல் சொன்னது.

"தண்ணி."

சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யார் பிள்ளை அது? பாவம், தாகம்போல. யாராச்சும் தண்ணி குடுங்க."

பெண்கள் அவரவர் பிள்ளையைப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் அம்மாக்களிடத்தில்தான் இருந்தன. படிக்குக் கீழே யாரும் இல்லை.

கூட்டம் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

மதலேனம்மாள் மட்டும் நகரவில்லை. புருஷனைப் பார்த்தாள். "சாமியே சொல்லிட்டாருல்ல. குடுங்க" என்றாள். "இந்தத் தடவயாச்சும் ஒங்க கையால குடுங்க."

இன்னாசி படியிறங்கினார். முழங்கால் போட்டு, இல்லாத உயரத்துக்குக் குனிந்தார். செம்பைத் தூக்கினார். மந்திரத்துக்கு முதலில் பெயர் வேண்டும். அவருக்குத் தெரியவில்லை.

"ஞானம்மா" என்றாள் மனைவி.

"ஞானம்மா... பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்."

நீ உயிரோடிருந்தால் என்பதை அவர் சேர்க்கவில்லை. செம்பிலிருந்து தண்ணீர் சரிந்து விழுந்தது.

தரைக்கு வந்து சேரவில்லை.

செம்மண் புழுதி காய்ந்தபடியே இருந்தது. இன்னாசியின் நெஞ்சுக்குள் இத்தனை நாள் இறுகிக் கிடந்தது உடைந்தது. பிள்ளை பிறந்து செத்த நாளுக்கு அப்புறம் முதன்முதலாக வாய்விட்டு அழுதார். வெட்கப்படவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டாள், என் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிச் சொல்லி அழுதார். படிக்குக் கீழே சத்தம் ஒன்றும் இல்லை. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். மகனுக்கென்று செம்பின் அடியில் ஒரு கை தண்ணீர் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு இன்னாசி எழுந்தார்.

அப்போது கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியேயிருந்து காய்ந்த முந்திரிச் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒரு சோடிக் கால் அல்ல. பல கால்கள், தத்தித் தத்தி, கோவில் வாசலை நோக்கி வந்தன. வந்து, படிக்குக் கீழே நின்றன.

"எனக்கு" என்றது ஒரு குரல்.

அது ஞானம்மாவின் குரல் இல்லை. இன்னாசி செம்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதற்குப் பின்னாலிருந்து இன்னொன்று, அதைவிடச் சின்னது, கேட்டது.

"எனக்கும்."