பின்சீட்டு ஆள்

அந்த நெளிவைக் கலையரசி போடவில்லை.

மற்ற நெளிவுகள் எல்லாம் அவள் கைவேலைதான். டிரைவர் பக்கக் கதவின் பள்ளம், பின்கதவின் துரு, பானெட்டில் மரக்கிளை விழுந்த தடம் என்று நிஜ ஜீப்பில் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து, ஒரு சாண் நீளமே இருந்த இந்தக் குட்டி ஜீப்பில் ஊசிமுனையால் ஒற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் இடது பக்க மட்கார்டு, முகப்பு விளக்கை ஒட்டி இப்படி உள்வாங்கிக் கிடந்தது அவள் செய்ததல்ல. விளக்குக் கண்ணாடியிலும் ஒரு கீறல் ஓடியிருந்தது. நேற்று துடைத்து வைக்கும்போது இரண்டும் இல்லை.

கலையரசிக்குப் பிழைப்பு பல்செட்டு செய்வது. போடியிலும் தேனியிலும் இருக்கும் பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, மாவு குழைத்து அச்சு வார்த்து, பல் பொருத்திக் கொடுப்பாள். அந்தச் சோலி முடிந்த கையோடு அதே ஊசியையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு பழைய கார்கள் செய்ய உட்கார்ந்துவிடுவாள். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்று கண்ணாடி அலமாரி நிறைய நின்றன. கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், உள்ளே சீட்டின் தையல்கூடத் தெரியும். மனிதர்களை மட்டும் அவள் செய்ததே இல்லை. முகம் அவளுக்கு வராது, வராததைத் தொடவும் மாட்டாள்.

“ஊர்ல உள்ள காரையெல்லாம் செய்யிற. நமக்குக் கஞ்சி ஊத்துற வண்டியச் செஞ்சியா புள்ள?” என்று அவள் கணவன் விஜயகுமார் சீண்டியதில் பிறந்ததுதான் இந்த ஜீப். அவன் விடியும் முன்னே ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேறி, சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறவன். அவள் விட்டேனா பார் என்று, அவன் வண்டியிலிருந்தே பொருள் எடுத்தாள். கழித்துப்போட்ட தார்ப்பாயில் கூரை, கிழிந்த சீட்டின் ரெக்சினில் பெஞ்சு, சுரண்டியெடுத்த பெயின்ட்டைக் குழைத்து நிறம். முகப்பில் ‘ஜக்கம்மா துணை’ என்று எழுதியதும் அதே எழுத்தில்தான். ஆயுத பூசையன்று விஜயகுமார் இரண்டு வண்டிக்கும் சந்தனம் வைத்து, ஒரே எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பாதியைப் பெரிய சக்கரத்துக்கும் மீதியைச் சின்னச் சக்கரத்துக்கும் வைத்தான். இரண்டையும் உருட்டி நசுக்கினான்.

“ரெண்டும் ஒரே வண்டிதானே,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ அலமாரியைத் திறந்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பவித்ராவைக் கேட்டாள். தொடவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் மேல்தான் சந்தேகம் போனது. அவள்தான் பேச வந்தால் எதையாவது எடுத்து உருட்டாமல் போகமாட்டாள். கலையரசி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் விஜயகுமார் வண்டியை, அதன் முகப்பு சுவரைப் பார்த்து நிற்கும்படி, ஒட்டி நிறுத்தினான். எப்போதும் பின்பக்கமாக வந்து நிறுத்துகிறவன் அவன். இறங்கியவன் வீட்டுக்குள் வராமல் வாளியை எடுத்து வண்டியைக் கழுவ ஆரம்பித்தான். மழைக்காலத்தில் வண்டி கழுவுகிற ஆளா அவன்? அவன் குளிக்கப் போனதும் அவள் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டு இடது மட்கார்டைத் தடவினாள். விரலுக்குத் தெரிந்த பள்ளம்தான். விளக்கின் கீறல் விரலைக் கிழித்தது.

“மட்கார்டு என்னாச்சுங்க?” என்று சோறு போட்டபடி கேட்டாள்.

“காட்டுக்குள்ளேர்ந்து கேளையாடு ஒண்ணு குறுக்க விழுந்திருச்சு. மஞ்சுக்குள்ள ஒண்ணும் தெரியல.”

“இன்னைக்கா?”

“நேத்து.” தட்டைப் பார்த்தே சொன்னான். “அடிபடலை. ஓடிருச்சு.”

நேற்றும் அவன் சுவரை ஒட்டித்தான் நிறுத்தியிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியென்றால் மட்கார்டு நெளிந்தபோதுதான் அலமாரிக்குள் இருந்ததும் நெளிந்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பெயின்ட் வாடை தலைக்கேறிவிட்டது என்பார்கள். அவளுக்கும் அப்படி இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

மறுநாள் பூட்டைத் திறந்ததும் வாடை வந்தது. பச்சை ஏலக்காயும் ஈரத் துணியும் கலந்த வாடை, தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்கள் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் வருமே, அது. குட்டி ஜீப்பின் டயர்களில் செம்மண் ஒட்டியிருந்தது. கூரைத் தார்ப்பாய் நனைந்து கனத்துத் தொங்கியது. அதை விலக்கிப் பார்த்தாள்.

பின்பெஞ்சின் கடைசி ஓரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. தலையில் துண்டைப் போர்த்தி, கைகளை மடிக்குள் ஒடுக்கி, மழைக்குக் குறுகி உட்கார்ந்த ஒரு பெண் உருவம். முகத்தைத் துண்டு மறைத்திருந்தது. இவ்வளவு நுணுக்கம் விஜயகுமாரின் தடித்த விரலுக்கு வராது. போடியில் இதைச் செய்ய அவளை விட்டால் ஆள் கிடையாது. அவளாலும் முடியாது. ஊசியால் மெல்ல முதுகைத் தொட்டாள். பல் ஈறு மாதிரி அமுங்கி, மறுபடி எழும்பியது.

கலையரசி அலமாரியை அடைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

அங்கேதான் மொக்கம்மாள் வந்தாள். “ஏத்தா கலை, சேதி தெரியுமா? ராசிங்காபுரத்து மருதாயியக் காணோமாம். முந்தாநாளு ஜீப்பத் தவறவிட்டுட்டு மஞ்சுக்குள்ள நடந்தே மல எறங்குனாளாம். வீடு வந்து சேரல. அவ தங்கச்சி ஜீப்பு ஜீப்பாப் போயிக் கேக்குறா. ஒங்க வீட்டுக்காரரையும் கேட்டாளாமே.”

“அவரு என்ன சொன்னாராம்?”

“வழியில யாரையும் பாக்கலன்னுட்டாராம்.”

விஜயகுமார் கலையரசியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருநாய் செத்தாலும் வந்து சொல்கிறவன், தங்கச்சிக்காரி அழுதுகொண்டு கேட்டதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் அந்த உருவம் பெஞ்சின் நடுவுக்கு வந்திருந்தது.

அன்று இரவு விஜயகுமார் சாப்பிடும்போது அடிக்கடி பிடரியைத் தேய்த்துக்கொண்டான். “வண்டி இழுக்க மாட்டேங்குது,” என்றான். “ஆளெல்லாம் எறங்குன பெறகும் லோடு ஏத்துன மாதிரியே இருக்கு. பின்னாடியிருந்து ஒரே குளிரு வேற.”

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் அடிபட்டு ஓர் உயிர் போனால், மறு நடையில் அதே வளைவில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை வைத்து, ‘இறங்கிக்க ஆத்தா’ என்றோ ‘இறங்கிக்க அப்பு’ என்றோ சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். ஏறினவர் ஏறின இடத்திலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூடவே வருவார் என்பது பேச்சு.

“அந்த வளைவுல நிப்பாட்டிப் பழம் வச்சீங்களா?”

“கேளையாட்டுக்கு யாரு பழம் வைக்கிறா?”

அவன் கை சோற்றை வெறுமனே பிசைந்தது.

“வண்டி நெறைய ஆளு புள்ள,” என்றான் கடைசியில், பவித்ராவுக்குக் கேட்காத குரலில். “நிப்பாட்டுனா ஏன்னு கேப்பாக. அன்னைக்கும் நான் எறங்கிப் பாக்கல. பாத்திருந்தா என்னத்தச் சொல்ல?”

அதற்கு மேல் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அவன் மேல் வெறுப்பும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. அவனில்லாமல் இந்த வீடு இல்லை என்பதும் வந்தது. காலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் சட்டைப்பையில் போட்டு, “யாரு என்ன கேட்டாலும் சரி, இன்னைக்கு வச்சிருங்க,” என்றாள். அவன் தலையாட்டினான். அவன் போனபிறகு பார்த்தால் பழம் அடுப்படி மேடையில் இருந்தது.

பகல் முழுக்க அவள் அலமாரிப் பக்கம் போகவில்லை. மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. மலைப்பக்கம் ஒன்றுமே தெரியாமல் வெள்ளையாகிவிட்டது. ஓட்டிலிருந்து விழும் தண்ணீரும் சாக்கடை ஓடும் இரைச்சலும் போக ஊரில் வேறு சத்தமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பவித்ரா உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். விஜயகுமார் மலை இறங்குகிற நேரம். அப்போது கரண்டு போனது.

அலமாரிக்குள் கிரீச் என்றது.

ஜீப் ஸ்பிரிங்கின் சத்தம் அது. அவள் செய்த ஸ்பிரிங். கலையரசி ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியோரம் குனிந்து பார்த்தாள்.

உருவம் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்றது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால். சீட்டின் மேல் கவிழ்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தது. டிரைவர் சீட்டு காலி. காலியான இடத்தில், ஒரு கழுத்து இருக்க வேண்டிய உயரத்தில், அந்தக் கைகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வேகத்தில்.

சாவி. இரண்டு முறை கீழே விழுந்தது. கதவைத் திறந்தாள். தார்ப்பாயைப் பிய்த்தாள். இடுக்கியால் அதன் இடுப்பைப் பிடித்தாள். வரவில்லை. அசைத்தாள். வேர் பிடித்த பல்லை அசைப்பது போல. இன்னும் இழுத்தாள். பொத்தென்று கழன்று வந்தது.

அச்சுமாவு பரப்பியிருந்த தட்டில் அதை வைத்தாள். வாய் தானாகவே முணுமுணுத்தது.

“இறங்கிக்க ஆத்தா. இறங்கிக்க. அவர விட்டுரு.”

அது வெள்ளை மாவில் துண்டைப் போர்த்தியபடி கிடந்தது. அசையவில்லை. மேசையில் போன் அடித்தது.

“ஏ கலை,” என்றான் விஜயகுமார். இத்தனை நாளாக இல்லாத தெளிவு அவன் குரலில் இருந்தது. “வண்டி இப்பத்தான் லேசாச்சு புள்ள. மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு, பிரேக்க மிதிக்கக்கூட முடியல. திடீர்னு யாரோ எறங்கிப் போன மாதிரி. மல எறங்கி முந்தல் வந்துட்டேன். வெரசா வர்றேன், காப்பி போட்டு வையி.”

“வாங்க,” என்றாள். கண்ணீர் வந்தது. போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் தப்பித்துவிட்டான். அது போதும். இந்தச் சனியனை இப்போதே கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடலாம் என்று தட்டைப் பார்த்தாள்.

தட்டில் மாவுதான் இருந்தது.

மாவில், உருவம் கிடந்த இடத்திலிருந்து விளிம்பு வரை, எள் அளவில் ஈரச் சுவடுகள். தட்டைத் தாண்டி மேசை மேல் வெள்ளையாகத் தொடர்ந்தன. அங்கே புளியங்கொட்டை அளவு. மேசை விளிம்போடு நின்றன.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

தரையில் இருந்தது முழுப் பாதம். வளர்ந்த பெண்ணின் வெறுங்கால். வெள்ளை மாவும் செம்மண்ணும் குழைந்து. ஒன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. ஒரு கால் மட்டும் இழுபட்ட தடம். உள்ளறையைப் பார்த்துப் போயிருந்தது.

எங்கே இறக்கிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஏலக்காய் வாடை வீடு முழுக்க இருந்தது. மழை இரைந்துகொண்டிருந்தது. பாடம் படிக்கும் சத்தம் நின்றிருந்தது.

“அம்மா,” என்றாள் பவித்ரா உள்ளேயிருந்து, சாதாரணமாக. “இந்த அத்தை தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. துண்டு கொண்டா.”

கலையரசி உள்ளறை வாசலுக்கு ஓடினாள். குழந்தை சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம். அவளுக்கு நேர் பின்னால், துண்டைப் போர்த்திய ஒருத்தி கவிழ்ந்து நின்றாள். புத்தகத்தின் மேல் தண்ணீர் சொட்டியது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன, அந்தச் சின்னக் கழுத்தின் இரு பக்கமும்.