பல்லடம் சாலையில் ஒரு பழுது

மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கிய கோயம்புத்தூரில் இப்போது வண்டியைத் தூங்கிப் பார்த்து வாங்கினார்கள். அவிநாசி சாலை ஷோரூமின் கனவறையில் ஒரு மணி நேரம் படுத்தால் போதும். வாங்குகிறவரின் சுபாவத்தையும் வண்டியின் சுபாவத்தையும் சேர்த்துப் பின்னி, வரப்போகும் பத்து வருடங்களைக் கனவுநெய்வி என்ற இயந்திரம் காட்டிவிடும்.

பூங்கோதையும் அவள் கணவர் சென்னியப்பனும் நடுத்தர அளவில் ஒரு சொகுசு எஸ்யூவி பார்க்க வந்திருந்தார்கள்.

"பத்திரமா இருக்கோணும், நடுவழில காலை வாரக்கூடாது," என்றார் அவர். மற்றதை அவள் பொறுப்பில் விட்டுவிட்டார்.

முதலில் 'அரண்' என்ற வண்டியோடு தூங்கினாள். கனவின் பத்து வருடத்தில் ஒரு கீறல் இல்லை. வண்டி தானே ஓடியது. அவர் தன் திரையைப் பார்த்தார், அவள் தன் திரையைப் பார்த்தாள். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

அடுத்தது 'முகில்'. இரண்டாம் வருட ஐப்பசியில், பல்லடம் தாண்டி, அடைமழையில் அது நின்றேபோனது. திரைகளும் அணைந்தன. இழுவை வண்டி வரும்வரை வேறு வழியில்லாமல் இருவரும் பேசினார்கள். குழந்தைக்காக ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளைப் பற்றி, ஒருவரையொருவர் குறைசொல்லி ஓய்ந்ததைப் பற்றி, அழுதும் சிரித்தும் பேசித் தீர்த்தார்கள். அடுத்த ஆடியில் தாரிணி பிறந்தாள். சீட்டு இடுக்கில் கடலைமிட்டாயை ஒளித்துவைத்தாள். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் மீன் வரைந்தாள். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பும்வரை வளர்த்துவிட்டுத்தான் பூங்கோதை கண்விழித்தாள். வெறும் மடியைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன அம்மிணி, கெட்ட கனவா?"

குழந்தைப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனிதரிடம் எதைச் சொல்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த முகிலையே வாங்கிக்கலாமுங்க."

விற்பனையாளர் ஜெரால்டுக்கு முகம் மலர்ந்தது. "நல்லதுங்கக்கா. உங்க கனவுல வண்டி நின்னுச்சில்லீங்க, அந்தக் கோளாறு அப்பவே ஃபேக்டரிக்குப் போயிருச்சு. எல்லாக் கனவையும் அங்க பாத்துட்டேதான் இருக்காங்க. சரி பண்ணிட்டாங்க. இனி எந்த முகிலும் நிக்காது."

"சரி பண்ணாத வண்டி ஒண்ணு கிடைக்குமா தம்பி?"

அவள் விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். சென்னியப்பனும் சிரித்தார். அன்றைக்கே வண்டியைப் பதிவு செய்துவிட்டார்கள்.

வண்டி வாங்கிய இரண்டாம் வருட ஐப்பசி வந்தது. பல்லடம் தாண்டியதும் அதே மழை பிடித்துக்கொண்டது. பூங்கோதை தன் திரையை மடியில் கவிழ்த்தாள்.

"கொஞ்சம் நில்லு," என்றாள் வண்டியிடம்.

"பழுது எதுவும் இல்லை. இங்கே நிற்பது பாதுகாப்பல்ல," என்று கனிவாகச் சொல்லிவிட்டு அது போய்க்கொண்டே இருந்தது.

கண்ணாடியில் ஆவி படிந்தது. மீன் வரைய விரலை நீட்டினாள். அதற்குள் வண்டியே கண்ணாடியைத் தெளிவாக்கிவிட்டது.

"பாத்தியா அம்மிணி," என்றார் சென்னியப்பன், திரையிலிருந்து தலை நிமிராமல். "எத்தனை மழை பேஞ்சாலும் எங்கயாச்சும் நின்னுச்சா?"